கார்டுக்கு முன்னால் கேமராவைப் பாருங்கள்

ஆடி மாதத்தில்தான் கல்யாண ஸ்டூடியோக்காரர்களுக்கு மெஷினைக் கழற்றிப் பார்க்க நேரம் கிடைக்கும். ஆவணி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிராபிக்ஸ் கார்டைப் பற்றியே இருக்கின்றன. திருச்சியில் எடிட்டிங் வேலையோடு ஸ்டூடியோக்களுக்கு மெஷின் அசெம்பிள் செய்தும் தருகிறேன். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: இரண்டு சோனி ஏ7 மார்க் 4 கேமரா வைத்திருக்கிறேன். கோர் ஐ5 12400எஃப் பிராசஸர், 32 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் 4கே 50 ஃபிரேம் முகூர்த்த ஃபுட்டேஜைப் போட்டால் நின்று நின்று ஓடுகிறது. இரண்டு கேமரா ஃபுட்டேஜையும் ஒன்றாக ஓட்டும் மல்டிகேம் என்றால் நகரவே மாட்டேன் என்கிறது. ஆர்டிஎக்ஸ் 4070 போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். வீட்டு நகையை வைத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கலாமா?
— ஸ்டூடியோ உரிமையாளர், காரைக்குடி

பதில்: நகையை வைக்காதீர்கள். அந்த கார்டு வந்தாலும் உங்கள் முகூர்த்த ஃபுட்டேஜ் இப்படியேதான் நின்று நின்று ஓடும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பிரீமியரில் ஃபுட்டேஜை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டு, என்பதைச் சொடுக்குங்கள். அங்கே 3டி, காப்பி, வீடியோ என்கோட், வீடியோ டீகோட் என்று சின்னச் சின்ன வரைபடங்கள் ஓடும். டீகோட் என்பது சுருக்கிய கோப்பைப் பிரித்துப் படமாக்குவது. உங்கள் மெஷினில் வீடியோ டீகோட் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கும், மேலே சிபியு, அதாவது பிராசஸர், நூறைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால், கார்டு இந்த வேலையைத் தொடவே இல்லை, பிராசஸர் ஒண்டியாகச் சுமக்கிறது என்று அர்த்தம்.

காரணம் கேமரா எழுதும் கோப்பில் இருக்கிறது. மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கிளிப்பைத் திறந்து பாருங்கள். ஃபார்மட் எச்இவிசி, க்ரோமா சப்சாம்ப்ளிங் (நிற விவரத்தை எவ்வளவு குறைத்து எழுதுகிறது என்பது) 4:2:2, பிட் டெப்த் (நிறப் படிகளின் நுணுக்கம்) 10 என்று மூன்று வரிகள் இருக்கும். எச்இவிசி என்பது எச்.265-இன் இன்னொரு பெயர். இந்த வகைக் கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பது மட்டுமே எழுதப்பட்டிருக்கும். தாலி கட்டும் நொடியில் நீங்கள் கர்சரை வைத்தால், அந்த ஒரு ஃபிரேமைக் காட்டச் சுற்றியுள்ள பல ஃபிரேம்களைக் கணக்கிட வேண்டும். இதற்கென்றே கார்டுக்குள் தனியாக ஒரு டீகோடர் சிப் இருக்கிறது. ஆனால் என்விடியா கார்டுகளில் 50 வரிசைக்கு முந்தைய எதிலும் அந்த சிப்புக்கு 4:2:2 படிக்கத் தெரியாது. 4:2:0 தெரியும். உங்கள் 1650-க்கும் தெரியாது, கடைக்காரர் சொல்லும் 4070-க்கும் தெரியாது, 4090-க்கே தெரியாது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா அந்த வசதியைச் சேர்த்தது.

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. விளையாட்டுக்கு வாங்குபவர்களிடம் தினமும் பேசுகிறவர் அவர். அங்கே பெரிய எண் என்றால் நல்ல கார்டு. எடிட்டிங்கில் கார்டுக்கு மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன: கோப்பைப் பிரித்துக் காட்டுவது, கலர், பிளர், சைஸ் மாற்றம் போன்ற எஃபெக்டுகளைப் போடுவது, கடைசியில் எக்ஸ்போர்ட் செய்வது. விலை ஏற ஏற பெரும்பாலும் நடுவில் உள்ள வேலைதான் வேகமாகும். டீகோடர் சிப்பைப் பொறுத்தவரை, ஆர்டிஎக்ஸ் 5060-லும் ஒன்றுதான், 5070-லும் ஒன்றுதான், இரண்டும் ஒரே தலைமுறை. உங்கள் அடைப்பு முதல் வேலையில் இருக்கிறது. நடுவில் உள்ளதற்குப் பணம் போட்டு என்ன பயன்?

சரி, என்ன செய்யலாம்? செலவே இல்லாத வழியிலிருந்து தொடங்குகிறேன்.

கேமரா மெனுவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் (எச்.265 கோப்புக்கு சோனி வைத்த பெயர்) 4கே, 50 ஃபிரேமில், ரெக்கார்ட் செட்டிங்கைத் திறந்தால் 200எம் 4:2:2 10 பிட் என்பதற்குக் கீழே 150எம் 4:2:0 10 பிட் என்று ஒன்று இருக்கும். அதற்கு மாற்றிவிடுங்கள். அதை உங்கள் 1650-இன் சிப்பே படிக்கும். கல்யாண வேலைக்குத் தரம் போய்விடாதா என்று கேட்பீர்கள். 4:2:2-வில் நிறத்தின் விவரம் வெளிச்ச விவரத்தில் பாதி இருக்கும், 4:2:0-வில் கால் பங்கு. பச்சைத் திரை வைத்து வெட்டி எடுப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் ஓரங்களில் தெரியும். பட்டுப்புடவையின் சரிகையும் மண்டபத்து எல்இடி வெளிச்சமும் கலரிங்கில் உடையாமல் இருக்கக் காப்பாற்றுவது முக்கியமாக 10 பிட். அது இரண்டிலும் இருக்கிறது. என்னிடம் வரும் ஸ்டூடியோக்காரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: 10 பிட்டை விடாதீர்கள், 4:2:2-வைக் கல்யாணத்துக்கு விட்டுவிடலாம்.

ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் ஃபுட்டேஜுக்கு ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் இலகுவான நகல், போடுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும். மல்டிகேம் ஓடும்.

4:2:2-தான் வேண்டும் என்றால் அடுத்த வழி உங்கள் பிராசஸர். 12400எஃப் என்பதில் கடைசியில் உள்ள ‘எஃப்’, உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. அசெம்பிள் செய்தபோது கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது என்று போட்டிருப்பார்கள். ஆனால் இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு எச்.265 4:2:2 10 பிட்டைப் படிக்கத் தெரியும். க்விக் சிங்க் என்பது அதுதான். எஃப் இல்லாத 12400-லும் இது இருக்கிறது. 12500 என்றால் உள்ளே இரண்டு வீடியோ என்ஜின்கள், உங்களைப் போல் இரண்டு கேமரா ஓட்டுபவருக்கு இன்னும் நல்லது. மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. பழைய பிராசஸரை விற்று இதை வாங்கிப் போட்டு, பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்) உள் கிராபிக்ஸையும் இயங்கவிட வேண்டும். பிறகு பிரீமியரின் ப்ரிஃபரன்ஸில் மீடியா பக்கத்தில் ஹார்ட்வேர் டீகோடிங்குக்கு நேரே இன்டெல் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: எக்ஸ்ஏவிசி எச்எஸ் இல்லாமல் எக்ஸ்ஏவிசி எஸ் என்று எடுத்தால் அது எச்.264. அதன் 4:2:2-வை இந்த பிராசஸர்களின் உள் கிராபிக்ஸால் படிக்க முடியாது.

கார்டுதான் வாங்குவேன் என்றால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி. அது முடியாவிட்டால் 5060. இரண்டும் எச்.264, எச்.265 இரண்டின் 4:2:2-வையும் படிக்கும். ஆனால் பிரீமியரையும் புதுப்பிக்க வேண்டும். இந்த வசதியை அடோபி 2025-இல்தான் சேர்த்தது. பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தால் புது கார்டு இருந்தும் டீகோட் கோடு எழுந்திருக்காது. முதலில் கேமரா செட்டிங்கை மாற்றி ஒரு நிச்சயதார்த்தத்தை எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் குறை இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: போனில் எடுத்து சமையல் சேனல் நடத்துகிறேன். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு. கோர் ஐ5 10400 மெஷின். கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டும் என்று சொல்லி 4 ஜிபி கார்டு ஒன்றை விற்றார்கள். போட்ட பிறகு ரிசால்வ் சரியாகத் திறக்கக்கூட மாட்டேன் என்கிறது. கார்டில் ஜிடி 730 என்று போட்டிருக்கிறது.
— இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. ஜிடி 730 என்பது 2014-இல் வந்த கார்டு. கூடுதலாக ஒரு மானிட்டர் இணைக்க, பில் போடும் மெஷினில் படம் தெரிய அது போதும். எடிட்டிங்குக்கு அது எந்த விதத்திலும் ஆகாது. இந்தத் தலைமுறை கார்டுகளுக்குப் புது டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மேம்பாடுகளை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 4 ஜிபி என்பது மெமரியின் அளவுதான். பல ஜிடி 730-களில் அது பழைய டிடிஆர்3 மெமரி. எவ்வளவு இருந்தாலும் வேகம் வராது. இதே போல ஜிடி 710, ஜிடி 1030 என்றும் கொடுப்பார்கள். 1030-இல் எக்ஸ்போர்ட்டுக்கான என்கோடர் சிப்பே கிடையாது. பெயரில் ‘ஜிடி’ மட்டும் இருந்து பின்னால் எக்ஸ் இல்லாவிட்டால் எடிட்டிங்குக்கு வாங்க வேண்டாம்.

இப்போதைக்கு அந்த கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையிலேயே செருகுங்கள். உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் அதைவிட மேல். பில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தைக் கட்டி வேறு கார்டு கேளுங்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள், என்ன வேலைக்கு என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

உங்களுக்குப் பொருத்தமானது ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி வகை. 2024-இல் வந்தது, 70 வாட்தான் இழுக்கும். பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின் வயரே தேவையில்லை. அதனால் இப்போதிருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்ற வேண்டிய செலவு மிச்சம். போனில் எடுக்கும் ஃபுட்டேஜுக்கு இதன் டீகோடர் தாராளமாகப் போதும். ரிசால்வ் இலவசப் பதிப்பில் கார்டின் முழுப் பலனும் கிடைக்காது, அது ஸ்டூடியோ பதிப்பில்தான். அதன் விலை 295 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. சேனலில் வருமானம் வரத் தொடங்கிய பிறகு அதை யோசிக்கலாம்.

இன்னொன்று. போன் வீடியோவில் வினாடிக்கான ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும். நீங்கள் பேசுவதும் உதடும் நேரம் போகப்போகப் பொருந்தாமல் போனால் கார்டைக் குறை சொல்ல வேண்டாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்று தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

கேள்வி: எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் மிக்ஸிங் செய்கிறேன். பெரும்பாலும் எச்டி. எந்த கார்டு வாங்கினால் ரெண்டர் வேகமாகும்?
— மதுரை

பதில்: வாங்க வேண்டாம். எடியஸ் நெடுங்காலமாக பிராசஸரையும் க்விக் சிங்க்கையும் நம்பி ஓடும் மென்பொருள். புதுப் பதிப்புகள் என்விடியாவையும் எக்ஸ்போர்ட்டுக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன என்றாலும், எச்டி மிக்ஸிங்குக்காகப் பெரிய கார்டு போடுவது வீண். எஃப் எழுத்து இல்லாத இன்டெல் பிராசஸர், ப்ராஜெக்டுக்கென்று தனியாக ஒரு எஸ்எஸ்டி. இந்த இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கிரிப்டோ காசு ஈட்டும் மைனிங்கில் ஓடியவை என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
— ஆம்பூர்

பதில்: மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு தன் முறையை மாற்றிக்கொண்டதும் கார்டு வைத்து மைனிங் செய்வது கட்டுபடியாகாமல் போனது. அப்போது சந்தைக்கு வந்தவை கைமாறிக் கைமாறி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 3060-இன் 12 ஜிபி மெமரி ரிசால்வில் நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தில் உள்ள புள்ளிகளைக் குறைப்பது) போடுபவர்களுக்கு இன்றும் நல்ல பலம். 8 ஜிபி கார்டில் ‘ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது’ என்று நின்றுபோகும் டைம்லைன் இதில் நகரும். உங்கள் கேமரா 4:2:0 எழுதுவதாக இருந்தால் இது நல்ல கார்டு.

ஆனால் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஃபேனை விரலால் மெல்லச் சுற்றுங்கள். ஆட்டம் இருந்தாலும், உரசும் சத்தம் வந்தாலும் பேரிங் போயிருக்கிறது. பின்பக்கத் தகட்டின் ஓரங்களில் எண்ணெய் கசிந்தது போல் பிசுபிசுப்பு இருந்தால், மெமரி சிப்புகளின் மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேட் வெகுகாலம் சூட்டில் இருந்திருக்கிறது. அதை மாற்றிவிடலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஸ்க்ரூவின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், எதற்காகத் திறந்தீர்கள் என்று கேளுங்கள். நேர்மையான வியாபாரி பதில் சொல்வார்.

அப்புறம் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றிப் புதுப் பெயர் போட்டு விற்கும் கார்டாக இருந்தால், பெயருக்கு முன்னால் ஃபேக் என்று காட்டிவிடும். அதே பென் டிரைவில் உங்களுடைய சொந்த ப்ராஜெக்ட் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் உள்ள மெஷினில் கார்டைப் போட்டு அரை மணி நேரமாவது எக்ஸ்போர்ட் ஓடவிடச் சொல்லுங்கள். திரையில் புள்ளி, கோடு விழுகிறதா, டிரைவர் அறுந்து திரை கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மெமரி கோளாறு ஐந்து நிமிடத்தில் தெரியாது, சூடான பிறகுதான் தெரியும். அரை மணி நேரம் தர மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், அந்தத் தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை.

ஜிடிஎக்ஸ் 1060, 1070 என்று 10 வரிசைக் கார்டுகளை யாராவது மலிவாகத் தந்தால் இனி வேண்டாம். அவற்றுக்கான வழக்கமான டிரைவர் மேம்பாடுகளை என்விடியா 2025-இல் முடித்துக்கொண்டது.

கேள்வி: விஸ்காம் படிக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி, ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. இரண்டில் எது? லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 5070 வருகிறதே, அது இரண்டையும்விட மேலா?
— கோவை

பதில்: தம்பி, 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு கார்டுகள் விற்கின்றன. கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து 16 ஜிபியை வாங்கு. ஏஎம்டியின் அந்த கார்டுக்கு மெமரி நிறைய, ஆனால் 4:2:2 படிக்கத் தெரியாது. நாளைக்கு வெளியே வேலைக்குப் போனால் உன் கைக்கு எந்தக் கேமரா ஃபுட்டேஜ் வரும் என்பது உன் கையில் இல்லை. தவிர, பிளக்-இன் எழுதுபவர்களில் பலர் முதலில் என்விடியா கார்டுகளுக்கே உரிய நிரல் முறையான கூடாவுக்குத்தான் எழுதுகிறார்கள். 8 ஜிபியா, ஏஎம்டியா என்று மட்டும்தான் தேர்வு என்றால், காலேஜில் இருக்கும் கேமரா என்ன எழுதுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய். 4:2:0 என்றால் ஏஎம்டியே நல்லது.

லேப்டாப்பில் உள்ள 5070-க்கும் டெஸ்க்டாப்பில் உள்ளதற்கும் பெயர் ஒன்றுதான். டெஸ்க்டாப்பில் 12 ஜிபி, லேப்டாப்பில் பெரும்பாலும் 8. மின்சாரமும் குறைவாகத்தான் கிடைக்கும். ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்றால் மட்டும் லேப்டாப்.

கேள்வி: புதிதாக ஆர்டிஎக்ஸ் 5070 போட்டேன். எக்ஸ்போர்ட் கொடுத்தால் சில நேரம் மெஷின் தானாக அணைந்துவிடுகிறது. கரண்ட் போனால் யுபிஎஸ் இருந்தும் அணைந்துவிடுகிறது. கார்டு கோளாறா?
— தஞ்சாவூர்

பதில்: கார்டை மாற்றுவதற்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸின் பெயர்ச்சீட்டைப் பாருங்கள். 5070 மட்டுமே 250 வாட் வரை இழுக்கும். 650 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. கேபினட்டோடு வந்த, 450 வாட் என்று அச்சிட்ட ஒன்றை வைத்துக்கொண்டு, கார்டுக்கு வயர் இல்லாததால் கன்வர்ட்டர் போட்டு ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து மின்சாரம் கொடுத்திருந்தால் உடனே கழற்றுங்கள். அது அணைவதோடு நிற்காது, கனெக்டர் உருகும். 80 பிளஸ் என்ற மின்திறன் சான்றுள்ள 650 அல்லது 750 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கி, அதனுடன் வரும் வயரையே போடுங்கள்.

யுபிஎஸ் விஷயம் இன்னும் எளிது. வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கார்டும் பிராசஸரும் மானிட்டரும் சேர்ந்து எக்ஸ்போர்ட்டில் அதைத் தாண்டிவிடும். கரண்ட் போன அந்த நொடியில் சுமை முழுவதும் யுபிஎஸ் மேல் விழ, அது தாங்காமல் அணைந்துவிடுகிறது. குறைந்தது 1000 விஏ, முடிந்தால் அதற்கு மேல். வாங்கும்போது விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைக் கேளுங்கள், 500-க்கு மேல் இருக்க வேண்டும். அதுவரை கேபினட்டை மட்டும் யுபிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு, மானிட்டரையும் ஸ்பீக்கரையும் நேரடி ப்ளக்குக்கு மாற்றுங்கள். எக்ஸ்போர்ட்டை, கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.